பனியில் சுமை இழுக்கும் டொபோகன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர்காலப் பயணங்களில் கூடாரத்தையும் உணவையும் இழுத்துச் செல்ல உதவும் டொபோகன் என்னும் தட்டையான சறுக்குப் பலகையை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருந்தனர். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: உறைந்த ஏரிகளையும் பனி மூடிய காடுகளையும் பல நாள் நடந்து கடக்க எண்ணியுள்ளேன். அடியில் சறுக்குச் சட்டங்கள் பூட்டிய வண்டியைச் செய்வதா, தட்டையான டொபோகனைச் செய்வதா?

தாங்கள் நடக்கப்போகும் பனி எப்படிப்பட்டது என்பதே இதை முடிவுசெய்யும். காற்று அடித்து இறுக்கிய கெட்டிப் பனியிலும் வெறும் பனிக்கட்டியிலும் சறுக்குச் சட்டங்கள் நன்றாக ஓடும். 1888-இல் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்த நார்வே நாட்டுப் பயணி ஃபிரிட்ஜோஃப் நான்சென், தம் வண்டிக்குப் பனிச்சறுக்குக் கட்டை அகலத்துக்குச் சட்டங்கள் வைத்தார்; பின்னாளில் துருவப் பயணிகள் அந்த அமைப்பையே பின்பற்றினார்கள். காட்டுக்குள் நிலைமை வேறு. மரங்கள் காற்றைத் தடுத்துவிடுவதால் அங்கே பனி இறுகாமல் பொலபொலவென்று ஆழமாகக் கிடக்கும். சட்டங்கள் அதற்குள் இறங்கிவிட்டால் வண்டியின் உடலே பனியை உழ ஆரம்பித்துவிடும்.

கனடாவின் வடபுலக் காடுகளில் வாழும் கிரீ, இன்னு முதலிய பழங்குடி மக்கள், அடியில் சட்டமே இல்லாமல், முன்பகுதி மட்டும் மேல்நோக்கிச் சுருண்ட நீண்ட பலகையைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே. 35 செ.மீ. அகலமும் தரையில் படியும் நீளம் 2.4 மீட்டரும் உள்ள ஒரு டொபோகனில் 60 கிலோ ஏற்றினால், ஒரு சதுர மீட்டர் பனியின் மேல் சுமார் 70 கிலோ எடைதான் விழுகிறது. வெறும் காலணியோடு நிற்பவரின் பாதம் பனியை அழுத்துவதில் இது முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. நடப்பவர் ஸ்னோஷூ எனப்படும் அகன்ற பனிக்காலணியால் மிதித்துச் சென்ற தடத்துக்குள்ளேயே பலகை அடங்கி வரவேண்டும் என்பதால், அகலத்தை 30 முதல் 40 செ.மீ.-க்குள் வைத்துக்கொள்வது வழக்கம். நிறையப் பொருள் ஏற்றலாமே என்று அகலத்தைக் கூட்டுபவர்கள் உண்டு; தடத்தின் இரு விளிம்பிலும் மிதிபடாத பனியைத் தள்ளிக்கொண்டே நடக்க நேரும். இடம் போதவில்லை என்றால் நீளத்தைக் கூட்டுங்கள், அகலத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: மரத்தில் செய்வதா, பிளாஸ்டிக்கில் செய்வதா? தகடு எவ்வளவு தடிமன் இருக்கவேண்டும்?

முதன்முறை செய்பவருக்கு, மிக உயர் மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎத்திலீன் தகட்டையே பரிந்துரைக்கிறேன். தொழிற்சாலைகளில் கன்வேயர் தடங்களுக்கும் சரிவுத் தொட்டிகளுக்கும் உள்பூச்சாகப் போடுவார்களே, அதே வழுவழுப்பான பொருள்தான். தேய்மானத்தை நன்றாகத் தாங்குவதோடு, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் நொறுங்காமல் அடி வாங்கிக்கொள்ளும். சாதாரண உயர் அடர்த்திப் பாலிஎத்திலீனும் பயன்படும். சற்று விரைவாகக் கீறல் விழும், அவ்வளவே. பாலிபுரோப்பிலீன் பார்வைக்கு இவற்றைப் போலவே இருந்தாலும் கடுங்குளிரில் உடையும் இயல்புடையது, ஆகவே அதைத் தவிர்க்கவேண்டும். என்ன பிளாஸ்டிக் என்று விற்பவரால் உறுதியாகச் சொல்ல முடியாத தகட்டை வாங்காதீர்கள்.

தடிமன் 3 மி.மீ. போதும். 3 மீட்டர் நீளமும் 36 செ.மீ. அகலமும் உள்ள 3 மி.மீ. தகடு சுமார் 3 கிலோ எடை இருக்கும். தடிமனை 5 மி.மீ. ஆக்கினால் எடை 5 கிலோவாகும். அந்த இரண்டு கிலோவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தடித்த தகடு தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளையாது என்பதே பெரிய குறை. டொபோகன் பனியின் மீது படிந்து, மேடு வந்தால் ஏறி வளைந்து, பள்ளம் வந்தால் இறங்கி வளைந்து செல்லவேண்டும். விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் நடுப்பகுதி மட்டும் தாங்கி நிற்க, மூக்கும் வாலும் அந்தரத்தில் தொங்கும். மேட்டைத் தாண்டும்போது மூக்கு பனிக்குள் குத்தி இறங்கும். இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: பலம் வேண்டும் என்று எந்த இடத்தையும் விறைப்பாக்கிவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு மரவேலை தெரியும், பழைய முறையில் மரத்திலேயே செய்ய ஆசை. முன்பகுதியை உடையாமல் வளைப்பது எப்படி?

தங்கள் ஆசை நல்ல ஆசை. நன்றாகச் செய்த மர டொபோகன் கடுங்குளிரில் பிளாஸ்டிக்குக்குச் சளைத்ததல்ல. வளைவின் வெற்றியில் பாதிக்கு மேல் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பிர்ச், லார்ச், ஆஷ் ஆகிய மரங்கள் ஏற்றவை. கணு ஒன்றுகூட இல்லாமல், ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓடும் பலகையாகப் பாருங்கள். ரேகை எந்த இடத்தில் பலகையின் முகத்தைத் தாண்டி வெளியே ஓடுகிறதோ அந்த இடத்தில்தான் வளைக்கும்போது சிம்பு கிளம்பும். சூளையில் உலர்த்திய மரம் வேண்டாம். புதிதாக அறுத்ததோ, வெளிக்காற்றில் மட்டும் ஆறியதோ ஆன மரத்தில் ஈரம் மிஞ்சியிருக்கும். அந்த ஈரத்தோடு சேர்ந்த வெப்பம்தான் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினை இளக்குகிறது. சூளையில் ஒருமுறை காய்ந்து இறுகிய மரத்தை எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் அதே இணக்கம் திரும்பி வருவதில்லை.

பலகையை 6 மி.மீ. தடிமனுக்கு இழைத்து, வளைய வேண்டிய முதல் 60 செ.மீ. பகுதியை மட்டும் இன்னும் 1 மி.மீ. மெலிதாக்குங்கள். அகலத்துக்கு ஒரே பலகை கிடைத்தாலும் இரண்டு குறுகிய பலகைகளைப் பக்கம் பக்கமாக வைப்பதே மேல். ஈரம் ஏறி இறங்கும்போது அகலமான ஒற்றைப் பலகை கோணிக்கொள்ளும் அல்லது நீளவாக்கில் பிளக்கும். வளைப்பதற்கு முன்பே, சுமார் 30 செ.மீ. விட்டமுள்ள உருளையை ஒரு கனத்த பலகையில் அசையாமல் பொருத்தி, கிளாம்புகளைத் திறந்து தயாராக வைத்திருக்கவேண்டும்.

25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது நீராவியில் மரம் வளைப்பவர்களின் பொதுக்கணக்கு. இந்த மெல்லிய பலகைக்கு இருபது நிமிடம் தாராளம். ஆவிப்பெட்டியிலிருந்து எடுத்த பிறகு தங்களுக்குக் கிடைப்பது அரை நிமிட அவகாசமே. அதற்குள் முனையை உருளைக்கு அடியில் செருகி, நிறுத்தாமல் ஒரே சீரான வேகத்தில் சுற்றிவிடவேண்டும். வெளிப்புறம் இழுபடுவதால்தான் மரம் வெடிக்கிறது. வளைவின் வெளிமுகத்தோடு ஒரு மெல்லிய இரும்புப் பட்டையைச் சேர்த்து, அதன் இரு முனைகளையும் பலகையின் முனைகளில் இறுக்கிப் பிடித்து வளைத்தால், இழுவிசையைப் பட்டை ஏற்றுக்கொள்ளும். வளைத்ததைக் குறைந்தது ஒரு வாரம் அச்சிலேயே விட்டு வையுங்கள். அவிழ்த்ததும் சற்று விரியும். ஆகவே தேவையானதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றிவிடுவது நல்லது.

கேள்வி: குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் சறுக்குத் தட்டையே மாற்றியமைத்துக்கொள்ள முடியாதா?

ஓரிரு நாள் பயணத்துக்கு, 25 கிலோவுக்கு உட்பட்ட சுமைக்கு முடியும். தட்டின் விளிம்பில் துளையிட்டு நேரடியாகக் கயிறு கட்டினால் துளையே கிழிந்துவிடும். உட்புறம் ஒரு மரச்சட்டம் வைத்து, இழுவிசை அந்தச் சட்டத்தின் மீது விழும்படி கட்டுங்கள். நீண்ட பயணத்துக்கு நான் அதை நம்பமாட்டேன்.

கேள்வி: பிளாஸ்டிக் தகட்டில் குறுக்குக்கட்டைகளைப் பொருத்துவது எப்படி? திருகாணி போதுமா, போல்ட் வேண்டுமா? நீளவாக்கில் இரண்டு ரீப்பர்களையும் சேர்த்தால் உறுதி கூடுமே என்று நண்பர் சொல்கிறார்.

தங்கள் நண்பரின் யோசனையை மட்டும் ஏற்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

பாலிஎத்திலீன் குளிரில் சுருங்கும் அளவு மரம் சுருங்கும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு மீட்டர் தகடு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.15 மி.மீ. சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரி வெப்பமுள்ள பட்டறையில் செய்த 3 மீட்டர் டொபோகன், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் சுமார் 22 மி.மீ. குட்டையாகிவிடுகிறது. நீளவாக்கில் ஒரு மரச்சட்டத்தைத் திருகி முடுக்கியிருந்தால் அது அந்த அளவுக்குச் சுருங்காது. விளைவாகத் தகடு இழுபட்டு, வில்லைப் போல இரு முனையும் கீழே வளைந்து நடுப்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும், அல்லது ஆணித்துளைகள் கிழியும். வளைந்துகொடுக்கும் தன்மையும் அடியோடு போய்விடும். குறுக்குக்கட்டைகள் மட்டுமே இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. தகடு சுருங்கும்போது கட்டைகள் ஒன்றையொன்று சற்று நெருங்கி வரும், அவ்வளவுதான்.

அகலவாக்கிலும் சுருக்கம் உண்டு, 35 செ.மீ.-க்கு இரண்டரை மி.மீ. அளவில் வரும். ஒரு கட்டைக்கு மூன்று போல்ட் என்றால், தகட்டில் நடுத்துளையை வட்டமாகவும், ஓரத்துளைகள் இரண்டையும் அகலவாக்கில் 2 மி.மீ. நீண்ட நீள்வட்டமாகவும் இழையுங்கள். வட்ட அரம் ஒன்று இருந்தால் ஒரு துளைக்கு ஒரு நிமிட வேலை.

கட்டைக்கு ஆஷ் போன்ற வைரம் பாய்ந்த மரம் வேண்டும். 25 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம், தகட்டைவிட ஒவ்வொரு புறமும் 1 செ.மீ. குறைவான நீளம் என்று அறுத்து, மேல் விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூரிய விளிம்பு சுமைப்பையை ஓயாமல் தேய்த்து ஓட்டையாக்கும். 40 செ.மீ.-க்கு ஒன்றாக ஆறேழு கட்டைகள் வரும். திருகாணியைவிட, கட்டையை ஊடுருவி மேலே நட் போட்டு முடுக்கும் போல்ட்டே தேவலை. மரம் நனைந்து காய்ந்து நனையும்போது திருகாணியின் பிடி தளரும். போல்ட்டின் தலை அகலமாகவும் தட்டையாகவும் இருக்கவேண்டும், அது அடிப்பரப்பிலிருந்து துருத்தவும் கூடாது. அதற்காகக் குழியை ஆழமாகத் தோண்டினால் 3 மி.மீ. தகட்டில் தலையைத் தாங்கப் பிளாஸ்டிக் மிஞ்சாது. மேலோட்டமாகக் குழித்துவிட்டு, மெதுவாக முடுக்கினால் மென்மையான பிளாஸ்டிக் தானே அமுங்கித் தலைக்கு இடம் கொடுக்கும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டாகப் பார்த்துப் போடுங்கள். நடையின் அதிர்வில் சாதாரண நட் கழன்று பனியில் விழுந்துவிட்டால் தேடி எடுக்க முடியாது.

ஓரத்துக் கயிறுகள் கட்டைகளின் முனைகளுக்கு அடியில் நுழைந்து, மூக்கிலிருந்து வால் வரை இரு பக்கமும் ஓடவேண்டும். ஆகையால் ஒவ்வொரு கட்டையின் அடிமுகத்திலும், முனையிலிருந்து 3 செ.மீ. உள்ளே, 8 மி.மீ. கயிறு தாராளமாக நுழையும் பள்ளம் ஒன்றை அறுத்துக்கொள்ளுங்கள். சுமையைக் கட்டுவது இந்தக் கயிற்றில்தான்.

நான்சென் வகை வண்டிகளிலும் மூட்டுகளை ஆணி அடித்து இறுக்காமல், தோல்வாரால் பிணைத்துக் கட்டினார்கள் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். கட்டப்பட்ட மூட்டு குலுங்கும்போது இளகிக்கொடுக்கிறது. ஆணி அடித்த மூட்டு பிளக்கிறது.

கேள்வி: பிளாஸ்டிக் தகட்டின் மூக்கைச் சூடுபடுத்தி வளைக்கவேண்டுமா?

வேண்டாம். 3 மி.மீ. தகடு கையாலேயே வளையும். முன்முனையில் ஒரு கட்டையைப் பொருத்தி, தகட்டை மேல்நோக்கிச் சுருட்டி, அந்தக் கட்டையின் இரு முனைகளிலிருந்தும் இரண்டாம் கட்டைக்குக் கயிறு கட்டி இழுத்து நிறுத்துங்கள். சுருளின் உயரம் 25 முதல் 30 செ.மீ. வரை இருக்கட்டும். கயிற்றைத் தளர்த்தவும் இறுக்கவும் முடிவதால், புதுப்பனி ஆழமாக விழுந்த நாளில் மூக்கை இன்னும் உயர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: இழுப்பதற்குக் கயிறு நல்லதா, கழிகள் நல்லதா?

சமதளக் காட்டுக்கும் ஏரிகளுக்கும் கயிறு. மலைச்சரிவுகளுக்குக் கழி. இறக்கத்தில் சுமை பின்னாலிருந்து வந்து குதிகாலில் மோதாமல் கழி தடுக்கும். இரண்டு கழிகளையும் நடுவில் குறுக்காகப் பின்னிப் பூட்டினால், இடுப்பு திரும்பும் பக்கம் வண்டியும் உடனே திரும்பும். ஆனால் மரங்கள் நெருங்கிய இடத்தில் கழி ஒரு தொந்தரவு. கயிற்றோடு செல்பவர் இறக்கம் வந்ததும் முன்னால் நடக்காமல், டொபோகனை முதலில் இறங்கவிட்டு, வாலில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கவேண்டும். இந்த வால்கயிறு எப்போதும் கட்டியே இருக்கட்டும்.

இழுகயிறு டொபோகனின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுருண்ட மூக்கின் உச்சியில் கட்டினால், ஒவ்வொரு இழுப்பிலும் சுருள் முன்னோக்கி விரியப் பார்க்கும். சுருள் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் உள்ள கட்டையில் இரு புறமும் கட்டி, கயிற்றை மூக்கின் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். தங்கள் உடலிலிருந்து மூக்கு வரை இரண்டரை மீட்டர் தூரம் இருந்தால், இழுவிசை அதிகம் மேல்நோக்கிப் போகாமல் முன்னோக்கியே செல்லும். ஸ்னோஷூவின் வாலும் டொபோகனில் இடிக்காது. மார்பிலும் தோளிலும் குறுக்காகப் போட்டுக்கொள்ளும் அகன்ற வார், வடபுல மக்களின் பழைய முறை. சலித்தால் தோள் மாற்றலாம், ஒரே அசைவில் கழற்றிவிடலாம்.

கேள்வி: காலையில் கடுங்குளிராக இருக்கும்போது, அதே சுமை இரண்டு மடங்கு கனப்பதுபோல் இழுபடுகிறது. அடிப்பரப்பில் குறை ஏதாவது இருக்குமா?

குறை பனியில் இருக்கிறது. சறுக்கும்போது எழும் உரசல் சூடு பனிமணிகளின் முனைகளை உருக்கி மிக மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. அதுவே மசகாக வேலை செய்கிறது என்பதை பௌடன், ஹியூஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1939-இல் விளக்கினார்கள். குளிர் கூடக்கூட அந்தப் படலம் உருவாவது அரிதாகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியைத் தாண்டினால் பனி, மணலைப் போல உராய்கிறது. 1911-ஆம் ஆண்டின் துருவக் குளிர்காலத்தில் அண்டார்க்டிகாவின் குரோசியர் முனைக்கு நடந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் ஆகிய மூவரும், பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி வரை சென்ற குளிரில், தங்கள் இரண்டு வண்டிகளைச் சேர்த்து இழுக்க முடியாமல் ஒன்றை முன்னே கொண்டுபோய் விட்டு மற்றதற்குத் திரும்பி வரவேண்டியிருந்தது.

அடியில் உலோகத் தகடு பதித்தவர்களுக்கு இந்தத் துன்பம் இன்னும் அதிகம். உரசலில் எழும் கொஞ்சச் சூட்டையும் உலோகம் உறிஞ்சிக் கடத்திவிடும். தாங்கள் செய்யக்கூடியது, அன்றைய நடையைத் தாமதித்துத் தொடங்குவதும், தூரத்தைக் குறைத்துக்கொள்வதுமே. மர அடிப்பரப்பாக இருந்தால் பாரஃபின் மெழுகைத் தேய்த்துச் சூடுகாட்டி ஊறவிடுவதும் பலன் தரும்.

கேள்வி: ஏரியின் மேல் பனிக்கடியில் தேங்கியிருந்த நீரில் டொபோகன் இறங்கிவிட்டால் என்ன செய்வது?

நிறுத்தாமல் இழுத்துக் காய்ந்த பனிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நீரிலேயே நின்றால் சில நிமிடங்களில் அடிப்பரப்பு முழுவதும் பனிக்கட்டி பிடித்து, சுமை நங்கூரம் இட்டதுபோல் ஆகிவிடும். வெளியே வந்ததும் சுமையோடு பக்கவாட்டில் சாய்த்து, மரச் சுரண்டியால் மூக்கிலிருந்து வாலை நோக்கிச் சுரண்டவேண்டும். கோடரியின் வாய் அடிப்பரப்பில் படவே கூடாது. அது விட்டுச்செல்லும் ஒவ்வொரு கீறலிலும் அடுத்தமுறை பனிக்கட்டி முதலில் பிடிக்கும். சுரண்டியை மூட்டைக்குள் வைக்காமல் ஓரக்கயிற்றில் செருகி வையுங்கள். சுமை கழன்று விழாமல் பக்கவாட்டில் சாய்க்க முடியவேண்டும் என்பதாலும் கட்டு ஒழுங்காக இருக்கவேண்டும்: டொபோகனின் நீளத்துக்குத் தைத்த ஒரே கான்வாஸ் பை, அதற்குள் கனமான பொருள்கள் அடியிலும் நடுவுக்குச் சற்றுப் பின்னாலும், மேலே கயிற்றால் இடவலமாக மாறி மாறிக் கட்டிய கட்டு. சுமையின் உயரம் அதன் அகலத்தைத் தாண்டினால் சாய்வான இடங்களில் கவிழும்.

கேள்வி: உறைந்த ஆற்றைக் கடக்கும்போது வாரைக் கழற்றிவிட வேண்டும் என்கிறார்களே, ஏன்?

பனிக்கட்டி உடைந்து டொபோகன் நீரில் விழுந்தால், உடலோடு பூட்டிய வார் தங்களையும் சேர்த்து இழுக்கும். தாங்களே விழுந்தாலோ, பின்னால் கட்டிய சுமை மேலேறி வர விடாது. தெளிந்த, கெட்டியான பனிக்கட்டியே ஆயினும் நடப்பவர் ஒருவருக்கு 10 செ.மீ. தடிமன் வேண்டும் என்பது பொதுவிதி. ஆற்றில் நீரோட்டம் அடியிலிருந்து அரிப்பதால் பத்தடிக்கு ஒருமுறைகூட இந்தத் தடிமன் மாறும். ஆகவே கரையில் நின்று இடுப்புக் கொக்கிகளை அவிழ்த்து, மார்பு வாரை ஒரு தோளில் மட்டும் தொங்கவிட்டு, கையில் நீண்ட கழியோடு ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்த்துக் கடக்கவேண்டும். இருவராகச் சென்றால் ஒருவர் கரையேறிய பிறகே மற்றவர் இறங்கவேண்டும். தீப்பெட்டி, கத்தி, மாற்றுக் கையுறை ஆகிய மூன்றும் சுமைப்பையில் இல்லாமல், நீர்புகாத உறையில் தங்கள் சட்டைக்குள் இருக்கவேண்டும்.